என் புரொபசரை ஏரியிலேர்ந்து தூக்கின செல்வி

கதை எழுதுற பொழப்புல மொதப் பாகம் எழுதுறது சுளுவு, ரெண்டாம் பாகம்தான் ஆளைக் கொல்லும். தொடர்கதையை பாதியில வுட்டுட்டு, வாசகருங்க கண்ணுல படாம சுத்திக்கினு இருக்கிற அண்ணன் தம்பிங்களே, அக்கா தங்கச்சிங்களே, என் வயித்தெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்க.

நான் ஒரகடத்துல, கார் சீட் பண்ற கம்பெனியில லைன்ல நிக்கிறவன். நைட் ஸ்கூல்ல படிச்ச தமிழை வெச்சிகினு போன் ஆப்புல ஒரு கதை எழுதினேன். வெண்ணிலான்னு ஒரு காலேஜ் புரொபசர். ஏரிக்கரையில ஏழு கல்லு நட்டுக் கும்புடுறோமே கன்னிமாரு, அவங்க நெஜமாவே தண்ணிக்குள்ள வாழறாங்களான்னு ஊர் ஊரா ஆராய்ச்சி பண்ணும். மொதப் பாகம் முடியறப்ப ஏழாவது கன்னி கையை நீட்டி, புரொபசரை ஏரிக்குள்ள இழுத்துடும். 'தொடரும்'னு போட்டேன். அதுக்கப்புறம் கம்பெனியில ஓவர்டைம் மேல ஓவர்டைம். எழுதவே முடியல.

கம்பெனி பஸ்ல

என் பக்கத்து சீட்டு பாபு அண்ணன் தெனம் கேப்பாரு. "யோசிச்சிகினு கீறேண்ணா"ன்னு சொல்லி வெப்பேன். ஒரு நாள் பஸ்ஸு மொத்தமும் திரும்பிப் பாக்குறாப்ல கத்துனாரு: "இன்னாய்யா, அந்தம்மா எம்மா நேரம் தண்ணிக்குள்ள மூச்சை புடிச்சிகினு இருக்கும்? ஒண்ணு தூக்கு, இல்ல காரியம் பண்ணிடு!"

குவாலிட்டி செக்கிங்

எங்க லைன் சீட்டை செக் பண்ற பொண்ணு செல்வி, தென்காசிப் பக்கம். மறைமலை நகர்ல ஹாஸ்டல். நான் எழுதலன்னதும் அதுவே ரெண்டாம் பாகத்தை எழுதி, அதே ஆப்புல போட்டுடுச்சு. விஷயம் தெரிஞ்சு போய் நின்னேன். பயப்படும்னு நெனைச்சேன். அது சீட்டைத் திருப்பி தையலைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு: "தப்பா நெனைக்காதீயண்ணே, ஒரு பொம்பளைய தண்ணிக்குள்ள தள்ளிட்டு ஒங்களுக்கு எப்பிடிதான் சோறு எறங்குதோ!"

யார் வூட்டுக் கன்னி?

செல்வி கதையில ஏழாவது கன்னி புரொபசரோட சொந்த அத்தை. கல்யாணம் ஆவாமலே ஏரியில வுழுந்து செத்தது. 'எனக்குன்னு வருஷா வருஷம் எடுத்து வெச்ச சேலையை ஏன் நிறுத்திட்டீங்க'ன்னு கேக்கத்தான் கையைப் புடிச்சு இழுத்துச்சாம், கேட்டுட்டு கரையில வுட்டுடுச்சாம். பஸ்ல ஒருத்தி சத்தமா படிக்கிறா, அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சுறாங்க. என் மொதப் பாகத்துக்கு ஒருத்தரும் தும்மினதுகூட கெடையாது.

கேன்டீன்ல செல்வியைப் புடிச்சேன். "கன்னிமாருன்னா ஏரிக் காவலும்மா. அவங்க எப்டி அத்தை ஆவாங்க? கதையே தப்பு"ன்னேன்.

"எங்க ஊர்ல, குடும்பத்துல கன்னியா செத்துப்போன பிள்ளதாம்ணே கன்னி. வீட்டுக்குள்ள பெட்டியில சேல வச்சுக் கும்பிடுவோம்"னு சொல்லிட்டு, சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளிச்சு. "ஒங்க ஊரு கன்னிக்கு வீடே கெடையாதாண்ணே? பாவம்லா!"

எனக்கே பர்மிஷன்

வுட்டுடுவேனா? வீக் ஆஃப்ல குந்தி என் ரெண்டாம் பாகத்தை எழுதினேன். அத்தையும் இல்ல, சேலையும் இல்ல. ஏரிக்கு அடியில அரண்மனை, படை, சண்டை! போட்டவொடனே ஒரு கமெண்ட் வந்துச்சு. ஆசையா தொறந்தேன்: "சார், அடுத்தவங்க கேரக்டரை எடுத்து எழுதறதுக்கு முன்னாடி செல்வி மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குன்றத்தூர் வூட்டுல

என் வூட்டுக்காரி ராணி நான் எழுதினதுல ஒரு வரி படிச்சதில்ல. அன்னிக்கு வூட்டுக்குள்ள நொழைஞ்சா, குக்கர் கத்திக்கினே கீது, இவ போன்ல முழுகிக் கெடக்கா. இன்னான்னு கேட்டேன். "புரொபசரு புதுச் சேலை எடுத்துகினு ஏரிக்கு வந்துட்ச்சு. அத்தை எழுந்து வருமா, திரும்ப இழுத்துக்குமான்னு தெரிஞ்சாதான் சோறு"ன்னா.

"அந்த புரொபசரு என்னுதுடி"ன்னேன்.

தலையைக்கூட தூக்கல அவ. "உன்னுதா? நல்ல வேளை, ஒரு பொம்பளைகிட்ட வுட்ட. பொழைச்சுகிச்சு!"

எழுதுறவனுக்குப் பொறாமை ஆவாதுன்னு புத்தி சொல்றவங்க யாரும், தான் பெத்த புரொபசர் திரும்பவும் தண்ணிக்குள்ள போவாளா, தப்பிப்பாளான்னு பொண்டாட்டி தோளு வழியா எட்டிப் பாத்து, "மெதுவா தள்ளுடி, இன்னும் படிக்கல"ன்னு கெஞ்சியிருக்க மாட்டாங்க.