தப்பா நினைச்சுக்காதீங்க!

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கல்யாணம் நின்றே போய்விட்டது என்று நினைத்தேன். காரணம்? ஒரே ஒரு வார்த்தை.

‘தப்பா நினைச்சுக்காதீங்க...’

இதைவிட எரிச்சல் மூட்டும் பேச்சு உண்டா? ‘ஆக்சுவலா’வைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பேசிக்கலி’யைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் இது? கேட்ட மாத்திரத்தில் தப்பாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறோமே, ஐயா!

என் மனைவியின் தம்பி டேவிட், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான். தங்கமான ஆள். ஆனால் இந்த முன்னுரை இல்லாமல் வாயே திறக்க மாட்டான். “தப்பா நெனச்சிக்காத மாமா... ரசத்துக்கு உப்பு கீதா?” உப்பில் தப்பாக நினைக்க என்னப்பா இருக்கிறது?

எங்கள் ராயபுரம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ‘ஓலை’ வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் - தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று. அன்று கடைசி ஓலை. திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார்.

பூசை முடிந்து ஃபாதர் வாசலுக்கு வந்தார். எல்லோரும் சுற்றி நிற்கிறோம். டேவிட் நேராக அவரிடம் போனான்.

“ஃபாதர், தப்பா நெனச்சிக்காதீங்க... ஒரு பிரச்சினை கீது. எல்லார் முன்னாடியும் எப்டி சொல்றதுன்னு தெரில...”

ஃபாதர் முகம் மாறியது. “தயங்காம சொல்லுங்க. சொல்ல வேண்டியது உங்க கடமை.”

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மகள் ஷீலா என் கையை இறுக்கிப் பிடித்தாள். “அப்பா, மாமா இன்னாப்பா சொல்லப் போவுது?” கர்த்தரே, இவன் வாயை அடைத்துவிடும் என்று வேண்டிக்கொண்டேன்.

“சொன்னா கோச்சிக்குவீங்க ஃபாதர்...”

“அட, சொல்லித் தொலைங்க!” ஃபாதருக்கே பொறுமை போய்விட்டது.

“உங்க காரு என் பைக்க மறிச்சிக்கினு நிக்குது. எனக்கு ஷிப்ட்டுக்கு டைமாச்சி.”

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தோம். பாதி சோடாவில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

ஷீலா விடுவாளா? கார் நகர்ந்ததும் மாமனை மடக்கினாள். “மாமா, மொதல்ல மேட்டர சொல்லு. அப்பால மன்னிப்பு கேளு!”

டேவிட் பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னான்:

“மேட்டர சொன்னப்புறம் எவன்மா மன்னிப்பான்?”