வீட்டுப்பெயர் என்றொரு கோப்பு

இந்த மலையில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் வீட்டுப்பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. மூணாறு வந்து பதினெட்டு வருஷமாகியும் என் பேனா அங்கே வந்து நின்றுவிடுகிறது. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், எங்கள் தென்னந்தோப்பு ஊரில், அப்பாவின் முதலெழுத்து போதும். "ஏனுங்க, ஊடு எது?" என்று கேட்டால் கைநீட்டிக் காட்டுவோம், அவ்வளவுதான்.

எஸ்டேட் ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தொழிலாளர், ஆபீஸ்காரர் விவரமெல்லாம் டேட்டாபேஸில் ஓர் அட்டவணையாகக் கிடக்கிறது. அதற்குள் தேட கிளார்க்குகளுக்குத் தெரியாது. அதனால் அட்டவணையே ஒரு டிரைவ் போலத் திரையில் தெரிய புரோகிராம் எழுதினேன். வீட்டுப்பெயருக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே ஆளுக்கொரு கோப்பு. பென்டிரைவைத் திறப்பதுபோலத் திறக்கலாம். "கொள்ளாம்," நன்றாயிருக்கிறது என்றார் மானேஜர் ஜோஸ் சார்.

போன மாதம், ஜன்னலெல்லாம் மூடுபனி அப்பிய காலையில், மாரியம்மாள் அக்கா வந்தார். ஓய்வு பெற்றாயிற்று, எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அரசு வீட்டுக்கான மனுவில் சர்வீஸ் சர்ட்டிபிகேட் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். ஜோஸ் சார் டிரைவைத் திறந்தார். பத்துமுறி லயம் ஃபோல்டரில் இருந்தது ஒரே மாரியம்மாள், வயது முப்பத்திரண்டு.

"இது நிங்ஙளல்லல்லோ. லிஸ்டில் இல்லாத்த ஆளுக்கு எங்ஙன கொடுக்கும்?"

"அந்தப் பொட்டிக்குள்ள ஒரு மாரியம்மாளுக்குத்தான் எடமா? எங்க லயத்துல நாலு பேரு இருக்கோம். கூப்பிட்டா நாலு கதவும் தொறக்கும்," என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுப்பெயர் கேட்டபோதெல்லாம் லயத்து ஜனங்கள் லயத்தின் பெயரையே சொல்லியிருக்கிறார்கள். வேறு எதைச் சொல்வார்கள்? ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு நிற்காது. கடைசியாகச் சேர்ந்தவள் மற்ற மூவரையும் மறைத்துவிட்டாள். அட்டவணையில் நால்வரும் பத்திரமாக இருந்தார்கள். வீட்டுப்பெயர் இல்லாத ஊர்க்காரனுக்கே இது தோன்றாமல் போயிற்றே.

சாப்பாட்டை ஒத்திவைத்து மாற்றி எழுதினேன். ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே பெயர், வயது, வீட்டுப்பெயர் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். நாலு மாரியம்மாளும் வந்தார்கள். மூன்று மணிக்கு அக்கா சர்ட்டிபிகேட்டோடு ஜீப்புக்கு ஓடினார். "இனியாச்சும் என்னியத் தொலைச்சிராதீங்க, தம்பி!"

ஓய்ந்துபோய்த் திரையை உருட்டிக்கொண்டிருந்தேன். என் எண்ணும் புதிதாக முளைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் வீட்டுப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவன் நான். பெயரில்லாமல் ஃபோல்டர் உண்டாகாது. ஆக, இத்தனை நாள் நானும் டிரைவில் இல்லை. நானே என்னைத் தேடவில்லை.

வீட்டுப்பெயர் கோப்பைத் திறந்தேன். அளவு பூஜ்யம். ஊரில் தோப்பை விற்றாயிற்று. இங்கே இருப்பது வாடகை அறை. ஊர்ப்பெயரின் முதலெழுத்தை அடித்தேன், அழித்தேன். வெறுமையாகவே சேமித்தேன்.