காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

இருபத்தாறு வருடமாக ஊரார் உடைத்துக்கொண்டு வந்த கைகால்களுக்கெல்லாம் மாவுக்கட்டுப் போட்ட மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் காலையே உடைத்துக்கொண்டார். அதுவும் எப்படி? தரையில் சிந்திய ஈர மாவை உடனே துடைக்காவிட்டால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்று அந்த அறையில் வேலை பார்த்த எல்லோரையும் வறுத்தெடுத்தவர் அவர்தான். அன்றைக்குச் சிந்தியது அவர், துடைக்காமல் விட்டது அவர், ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அதன்மேலேயே காலை வைத்ததும் அவர். இடது பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்கு நேராக ஓடும் நீள எலும்பு. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே எந்த எலும்பு என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'மாவண்ணன்' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கலாம், யாரும் போய்ப் பார்த்ததில்லை. கட்டுப் போட வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று டாக்டர் சொன்னதும் மாவண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கால்ல இன்னொருத்தன் கை வைக்கவா? அந்த வாளியை இப்படித் தள்ளுங்க சார்."

நர்ஸ் காலைத் தூக்கிப் பிடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத் தானே கட்டினார். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை. காய்ந்ததும் தட்டிப் பார்த்து, பேனாவால் ஓரத்தில் தேதி எழுதினார். ஆறு வாரம் ஊன்றக் கூடாது. மற்றவர்களுக்கு மிரட்டலாகச் சொல்வதை அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

அந்த மிரட்டலில் அவர் மன்னன். இரண்டு வாரம் கழித்து நோயாளிகள் வரும்போது கட்டின் அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்ப்பார். தேய்ந்திருந்தால் தீர்ந்தது.

"நடந்திருக்கீங்க."

"சத்தியமா இல்லண்ணே."

"நீங்க பொய் சொல்லலாம். கட்டு பொய் சொல்லாது."

பெரும்பாலோர் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொள்வார்கள். சிலர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள், கண்ணில் தண்ணீர் விடுவார்கள். அவர்களைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். டீ இடைவேளையில் அவர்களைப்போல நடித்துக் காட்டுவார்.

வீடு முதல் மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், வாசல் கதவு, அதற்கப்புறம் இருபத்திரண்டு படி, கீழே இரும்புக் கேட், தெரு. பிள்ளைகள் இல்லை. மனைவி ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை பார்த்தாள். காலை ஏழுக்குப் போனால் மாலை ஐந்துக்கு வருவாள். லேசாகச் சாய்ந்து நடப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே உறங்கினாலும் அவள் மட்டும் சுவரில் சாய்ந்து விழித்திருப்பாள். இரவில் படுக்கும்போது, கிழிந்த விரிப்பிலிருந்து எடுத்த துணிப் பட்டையால் இடது கணுக்காலைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். கேட்டால், "நரம்பு இழுக்குது" என்பாள். பன்னிரண்டு வருடமாக இழுக்கிற நரம்பு எந்த நரம்பு என்று, எலும்புப் பிரிவில் வேலை பார்க்கும் புருஷனுக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை.

கால் உடைந்த நாளிலிருந்து இரவெல்லாம் வலி. பொட்டுத் தூக்கம் இல்லை. மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டிலிருந்து நாலு வரை அடித்துப்போட்டதுபோலத் தூங்குவார். ஒன்பதாம் நாள் விழித்ததும், விரல்களின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மனைவியின் கைக்கண்ணாடியைக் காலுக்கு நேரே பிடித்தார். கண்ணாடியில் விரல்களோடு கட்டின் அடிப்பாகமும் தெரிந்தது.

தேய்ந்திருந்தது.

கட்டுப் போட்ட நாளிலிருந்து அந்தக் கால் தரையைத் தொட்டதே இல்லை. கழிவறைக்குக்கூட இரண்டு ஊன்றுகோலும் ஒற்றைக் காலுமாகத்தான் போய்வந்தார். ஆனால் குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழேயும் மாவு வழவழவென்று தேய்ந்து, தூசி ஏறிக் கறுத்திருந்தது. வேறு யாருக்காவது என்றால் தட்டிக்கேட்டிருப்பார். தன்னை யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்றும் அவருடைய தொழில் கண்ணில் பட்டது. உடைந்த காலோடு திருட்டுத்தனமாக நடப்பவன் வலிக்குப் பயந்து பாதத்தைச் சாய்த்து வைப்பான், கட்டின் ஓரம்தான் தேயும். இது ஓரத்தில் தேயவில்லை. வலி என்பதே தெரியாதவன் கைவீசி நடந்ததுபோல ஒரே சீராகத் தேய்ந்திருந்தது.

மாலையில் மனைவி வந்ததும் அந்தத் தேய்வு அவள் கண்ணில் பட்டுவிட்டது. தோள்பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

"நடந்தீங்களா?"

"இல்ல."

அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பார். அந்த ஒற்றைச் 'சரி'யைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே எலும்பை உடைத்துக்கொண்டு இதே கட்டிலில் படுத்திருந்தவள் அவள். அவளுக்கும் கட்டுப் போட்டது இவர்தான். மூன்றாம் வாரம் அடிப்பாகம் தேய்ந்திருந்தது. "நான் கட்டிலை விட்டு எறங்கவே இல்லைங்க" என்றாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுக்குள்ளேயே ஒரு பொய்க்காரியை வெச்சுக்கிட்டு நான் ஊரைத் திருத்தப் போறேன்" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவள் எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. சொன்னதைக் கேட்காமல் நடந்தால் இப்படித்தான் ஆகும் என்று அதையும் சொல்லிக் காட்டினார்.

மறுநாள் தேய்வு கூடியிருந்தது. அதற்கடுத்த நாள் அடியில் செங்கல் நிறத் தூசி ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் அந்த நிறத்தில் ஒன்றும் இல்லை. வெளியே மாடிப்படியின் பூச்சுத்தான் அப்படி உதிரும்.

இப்படியே போனால் எலும்பு சேராது. நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை அவருடையது. கோணலாகச் சேர்ந்தால் மாவண்ணனுக்கு மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. பயந்துவிட்டார். பயந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். சுவரின் ஆணி ஓட்டைகளை அடைக்க எப்போதோ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கட்டு மாவு ஒரு டின்னில் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, வாசல் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, தரை முழுவதும் மாவைத் தூவித் துடைப்பத்தால் சமப்படுத்தினார். தன் கூத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

நாலு மணிக்கு எழுந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மாவில் தடம் இருந்தது. கட்டிலில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, வாசல் வரை நேராகப் போய், அதே வழியில் திரும்பியிருந்தது. கதவு திறந்து கிடந்தது. ஊன்றுகோல் பட்ட புள்ளி ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் கட்டுப் போட்ட இடது பாதம் மட்டுமே. நொண்டி நொண்டிக் குதித்த தடமும் அல்ல. ஓர் ஆள் சாதாரணமாக நடந்தால் இடது பாதம் எவ்வளவு தள்ளித் தள்ளி விழுமோ அவ்வளவு இடைவெளி. வலது பாதம் விழவேண்டிய இடங்களில் மாவு கலையாமல் அப்படியே இருந்தது.

அவர் கட்டிலை விட்டு அசையவில்லை. கட்டைத் தொடக்கூட மனம் வரவில்லை, அது தன்னுடையது இல்லை என்பதுபோல இருந்தது.

ஐந்து மணிக்குக் கீழே கேட் சத்தம் கேட்டது. மனைவி வழக்கத்தைவிட மெதுவாகப் படியேறி வந்தாள்.

"பன்னெண்டு படி எறங்கியிருக்கு," என்றாள். "படியெல்லாம் வெள்ளைத் தடம். இன்னும் பத்துப் படிதான். அப்புறம் தெரு."

"நான் நடக்கலை. நம்பு."

"நம்புறேன்."

"எப்படி நம்புற?"

அவள் வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, குனிந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னோடது தெருமுனை தாண்டிப் போச்சு. ஒரு நாள் நான் சீக்கிரம் முழிச்சுட்டேன். அது இன்னும் வந்து சேரலை."

"வந்து சேரலைன்னா?"

"போர்வையைத் தூக்கிப் பாத்தேன். முழங்காலோட முடிஞ்சிருந்துச்சு. ரத்தம் இல்ல, வலியும் இல்ல. உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சுப் படியில சத்தம் கேட்டுச்சு. டொக்கு, டொக்குன்னு ஒத்தக் கால் சத்தம். பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். தொறந்தப்ப கால் இருந்துச்சு. ஆனா அன்னைலேர்ந்து அது சரியா உக்காரலைங்க."

தினமும் விரிப்பை மடிக்கிறவளின் குரலில்தான் இதையும் சொன்னாள்.

"எங்க போச்சு அது?"

"எனக்கு என்ன தெரியும்? நான்தான் தூங்கிட்டு இருந்தேனே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "நடக்கலைன்னு சொன்னேன். அதையே நம்பாதவர்கிட்ட மிச்சத்தை எப்படிச் சொல்றது? பயமா இருக்கு, நான் தூங்குறப்ப பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சுக்கோங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 'புருஷனைக் காலைப் பிடிக்கச் சொல்றியா?' என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர் அவர். போனவர் சும்மா இருந்தாரா? "என் பொண்டாட்டி என்னைக் காலைப் பிடிக்கச் சொல்றா, உங்க வீட்ல எப்படி?" என்று அங்கே ஒரு வாரம் எல்லோரையும் சிரிக்க வைத்தார். இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் காதில் கேட்டது. வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் விட்ட அந்த நோயாளிகளும் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொன்னார்களோ.

"என்னோடதையும் கட்டிலோட கட்டி வெச்சிடு," என்றார்.

"கட்டினா போகாது. ஆனா இழுத்துக்கிட்டே கிடக்கும், எலும்பு சேராது. ஆள் பிடிச்சா அடங்கும்னு நெனைக்கிறேன்."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. எனக்குத்தான் யாரும் பிடிக்கலையே."

மறுநாளே சலவைக்கூடத்தில் பேசி விடியற்காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். மத்தியானம் ஒன்றரைக்கு வீடு வந்துவிடுவாள். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்ததும், கட்டில் முனையில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலை மடியில் எடுத்து வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். நாலு மணிக்கு அவர் கண் திறந்ததும் கணக்கு வரும். "இன்னைக்கு ஏழு தடவை இழுத்துச்சு." அடுத்த வாரம், "மூணு." அதற்கடுத்த வாரம், "ஒரு தடவை. அதுவும் பலமா இல்ல." இஸ்திரிப் பெட்டி பிடித்த அவள் கைகள் சிவந்திருக்கும். ஒரு நாள்கூட அவள் பழையதைக் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

ஆறாவது வாரம் கட்டு வெட்டும் மெஷினை அவரிடம் கொடுக்க டாக்டர் மறுத்துவிட்டார். வேறு ஆள் வெட்டினான். எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது. "சொன்னபடி கேட்டிருக்கீங்க மாவண்ணே," என்று டாக்டர் பாராட்டினார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு லாரி டிரைவர் தேய்ந்த கட்டோடு வந்தான். "நடக்கலைண்ணே, நம்புங்க," என்றான். அறையில் இருந்தவர்கள் வழக்கமான வசனத்துக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாவண்ணன் கட்டின் அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரம் தேயவில்லை. சீராகத் தேய்ந்திருந்தது.

"நம்புறேன் தம்பி. மத்தியானம் தூங்குறப்ப பக்கத்துல உக்கார வீட்ல ஆள் இருக்கா?"

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவன் முகம் வெளுத்தது. "அம்மா இருக்காங்க," என்றான் மெதுவாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து விழித்திருந்தாள். அவர் கட்டில் முனையில் போய் உட்கார்ந்தார்.

"வந்து படு."

"எனக்குத் தூக்கம் வராதுங்க."

"வரும். நான் காலைப் பிடிச்சுக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து படுத்தாள். கை தானாகத் துணிப் பட்டையைத் தேடியது. அவர் அதை வாங்கி ஜன்னலில் போட்டார். இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கோணலாகச் சேர்ந்த எலும்பு விரலில் தட்டுப்பட்டது. அவர் போட்ட கட்டுக்குள் சேர்ந்த எலும்பு.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மூச்சு சீரானது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் காலை உடைத்துக்கொண்ட பிறகு, பகலில் அவள் தூங்கி அவர் பார்ப்பது இதுதான் முதல்முறை.

அப்போது இழுத்தது. தூங்குகிறவளின் உடம்பில் ஓர் அசைவும் இல்லை. கால் மட்டும் வாசலைப் பார்த்து இழுத்தது. அவர் நினைத்திருந்ததைவிடப் பலமாக, பன்னிரண்டு வருடம் கட்டிப்போட்ட மாடு அவிழ்த்துவிட்டதும் இழுப்பதுபோல இழுத்தது. அவர் கட்டிலின் சட்டத்தில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போகாதே," என்றார். "நம்புறேன். போகாதே."

அவள் எழுந்திருக்க ஐந்து மணி ஆயிற்று. அதுவரை அவர் கையை எடுக்கவில்லை.

"எத்தனை தடவை?" என்று கேட்டாள்.

"எண்ணலை," என்றார் அவர். "இனிமே எண்ணுறேன்."