ஹெப்சிபா தந்த அன்னக்கூடை

மேலே ஏறுவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று தெரியாமல் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்த என் கையில் யாரோ ஓர் அலுமினிய அன்னக்கூடையைத் திணித்தார்கள். உள்ளே நாலைந்து சங்கரா மீன், மேலே ஈரச்சாக்கு. நிமிர்ந்து பார்த்தால் ஹெப்சிபா, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். "ஏறுக்கா. யார்னா கேட்டா மேடத்துக்கு மீன் எடுத்துகினு போறேன்னு சொல்லு" என்றாள். எதற்கு வந்தாய், யாருக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராயபுரத்தில் அந்த மாடிக்கு 'மனநல ஆலோசனை மையம்' என்று ஆளுயர எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். கீழே ஜெராக்ஸ் கடை. எதிரே டீக்கடை, அதன் பெஞ்சில் எப்போதும் எங்கள் மாதா கோயில் பங்கு ஆட்கள். நான் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவள், என்னைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை. எனக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் அந்தப் படியில் கால் வைத்தால் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்களே. அன்று கூடையோடு ஏறினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மீன்காரி எந்த வீட்டுப் படியும் ஏறலாம்.

ஹெப்சிபாவின் குரல் துறைமுகத்துச் சங்கோடு போட்டி போடும். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. என்னிடம் பத்து ரூபாய் மெழுகுவர்த்தியை எட்டு ரூபாய்க்குக் கேட்பாள். கொடுத்தால், மிச்சம் பிடித்த இரண்டு ரூபாயை என் கண் முன்னாலேயே உண்டியலில் போடுவாள். "மாதாவாண்ட போனா நஷ்டமில்ல. ஒன்னாண்ட போனாதான் நஷ்டம்" என்பாள்.

அவள் அந்த மாடிக்கு முதலில் போனது புருஷனுக்காக. காத்திவாக்கம் முகத்துவாரத்தில் ஃபைபர் படகு கவிழ்ந்தபோது அதில் இருந்தது லியோனார்டும் அவன் கூட்டாளி சாலமோனும். லியோனார்ட் மட்டும் கரையேறினான். அதற்கப்புறம் அவன் கடல் பக்கம் போகவில்லை. பேச்சும் நின்றுபோனது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான். யார் வந்து விசாரித்தாலும் அவனுக்குப் பதிலாக ஹெப்சிபாதான் பதில் சொல்வாள். பழைய லியோனார்ட் திரும்பி வருவானா என்பதுதான் அவளுக்கு ராப்பகலாக ஒரே வேண்டுதல்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. கடல் ஆணுக்கு. மீன் கரை ஏறிவிட்டால் பேச்சு, பேரம், சண்டை எல்லாம் பெண்ணுக்கு. புருஷன் வாயைத் திறந்தால் விலை இறங்கிவிடும் என்று பழமொழி மாதிரிச் சொல்வார்கள். அதனால் அவனுடைய வலியையும் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பேசிவிடலாம் என்று ஹெப்சிபா கிளம்பினாள்.

ஆலோசகர் ராமசெல்வி மேடம் தெற்கத்திக்காரர், மெதுவாகப் பேசுவார். ஃபீஸ் எண்ணூறு என்றதும் ஹெப்சிபா முந்நூறுக்குக் கேட்டாளாம். மேடம் குடும்ப வருமானத்தை விசாரித்துவிட்டு, வசதி இல்லாதவர்களுக்கு முந்நூறுதான் என்றிருக்கிறார். இவ்வளவு சுலபமாகப் படிந்ததில் இவளுக்கு வருத்தம், இன்னும் இறக்கிக் கேட்டிருக்கலாமே என்று. பிறகு உட்கார்ந்து லியோனார்டின் கனவு, பயம், சாப்பிடாதது, தூக்கத்தில் சாலமோன் பெயரைச் சொல்லிக் கத்துவது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நேரம் முடிந்ததும் மேடம் சொன்னார்: "அவருக்காக நீங்க பேச முடியாதும்மா. அவருக்குத் தோணும்போது அவரே வரணும்."

"அப்ப என் முந்நூறு?" என்று எழுந்து நின்றுவிட்டாள் ஹெப்சிபா.

"இவ்வளவு நேரம் அழுதது யாரு? அந்த நேரம் உங்களோடது."

"நான் அழுததே எனக்குத் தெரிலக்கா" என்று இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து தனக்காகவே போனாள்.

நன்றிக்கு ஒரு நாள் நண்டு கொண்டுபோனாள். மேடம் வாங்கவில்லை, ஃபீஸ் போதும் என்றுவிட்டார். ஆகையால் நான் வாராவாரம் கொண்டு ஏறிய மீனும் மேலே ஜன்னலோரம் இருந்துவிட்டு என்னோடேயே இறங்கும். கீழே ஹெப்சிபா வாங்கிக்கொண்டு விற்கப் போய்விடுவாள். மேடத்துக்கு மீன் என்பது பொய்யாயிற்றே என்று எனக்கு உறுத்தியது. "மீன் மேல போறது நெஜந்தானே. வாங்காதது அவங்க குத்தம்" என்றாள். தினம் செபமாலை சொல்கிற நான் இங்கே வருவது விசுவாசக் குறைவோ என்றும் ஒரு நாள் கேட்டேன். "பல்லு வலிச்சா மாதாவாண்ட வேண்டிகினு, அப்பால பல்லு டாக்டராண்ட போறதில்லியா? மாதா கோச்சிகினாங்களா?" என்றாள்.

ஏலம் முடிந்ததும் மிச்ச மீனைக் கூறு கட்டி விற்பாள். வாங்க வருகிறவர்களில் யாராவது கண் வீங்கி நின்றால் விடமாட்டாள், மாடிக்குப் போகச் சொல்வாள். போவதற்கு முன்னால் போன் போட்டு ஃபீஸ் என்ன, குறைப்பீர்களா என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்வாள். அதுவும் கட்டாதென்றால் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள், காத்திருக்கத்தான் வேண்டும் என்பாள். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் வராமல் இருந்துவிட்டால் இந்த மாடியில் பாதி ஃபீஸ் கட்ட வேண்டும். அதில் அவளுக்குக் கோபமே கிடையாது. ஐஸ் வாங்கி வைத்துவிட்டுப் படகு வராமல் போனால் ஐஸ்காரன் காசைத் திருப்பித் தருவானா என்று கேட்பாள்.

"மொத நாளே எல்லாத்தியும் கொட்டணும்னு இல்ல. ஊசி கீசி ஒன்னும் கெடையாது. சொன்னது வெளிய போவாது. உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வூட்டு ஆளக் கூப்புடுவாங்க, அத்தையும் மொதல்லியே சொல்லிடுவாங்க. அந்த மேடம் ஒத்துவரலியா, வேற ஆளக் கேளு. ஆனா ஒரு தபா போய்ட்டு சரியாவலன்னு வராத. ஒரு தபா வலயப் போட்டுட்டு கடல்ல மீனே இல்லம்பியா?"

வீட்டிலும் ஒன்றை மாற்றினாள். லியோனார்ட் எப்படி இருக்கிறான் என்று யார் கேட்டாலும், "இதோ கீறாரே, அவரையே கேளு" என்று ஒதுங்கிக்கொண்டாள். கல்நெஞ்சக்காரி என்று நாத்தனார் திட்டினாள். இவள் அசையவில்லை. ஒரு சாயங்காலம் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. அங்கே போய் என்னதான் பேசுவாய் என்று லியோனார்ட் கேட்டான். "அத்த சொல்லமாட்டேன். அது என் முந்நூறு" என்றாள். அவன் சிரித்துவிட்டான். படகு கவிழ்ந்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

கொஞ்ச நாளில் அவனும் மாடிக்குப் போக ஆரம்பித்தான். பக்கத்துக்காரருக்கு வலை பின்னிக் கொடுத்து, அந்தக் கூலியில் தன் ஃபீஸைத் தானே கொண்டுபோய்க் கட்டினான். அவன் உள்ளே இருக்கும்போது ஹெப்சிபா கடைசிப் படியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "உள்ள இன்னா சொன்னாருன்னு இன்னி வரைக்கும் நான் கேக்கல. நாக்கு பேஜாரு பண்ணுது, ஆனா கேக்கல" என்பாள். முதலில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வலை பின்னினான். பிறகு பக்கவாட்டில். மழைக்காலம் முடிந்தபோது கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதைக் கண்ட அன்று நான் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தியை என் கணக்கில் ஏற்றினேன்.

போன வாரம் அவன் தம்பியின் படகில் கடலுக்குப் போய் வந்தான். விடியற்காலையில் வஞ்சிரம் வந்து இறங்கியது. வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். ஹெப்சிபா ஏலம் தொடங்கக் கையைத் தூக்கினாள், வாயையும் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். லியோனார்ட் "அஞ்சாயிரத்துல கேளு" என்றான். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னா மாமு, நீ பேசறியா, மீனு பேசுதா?" என்றார் வியாபாரி லியாகத் அலி பாய். எல்லோரும் சிரித்தார்கள்.

லியோனார்டும் சிரித்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, ஐஸ் உடைக்கிறவன் வரை திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "ஆறாயிரம். இப்ப காது கேக்குதா பாய்?"

புருஷன் வாயைத் திறந்து விலை ஏறியது அன்றைக்குத்தான். விசில் பறந்தது. பாயே ஏழாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஹெப்சிபா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அழுவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனேன். மறுநாள் மாடியில் என்னுடைய முறை. வழக்கம்போல அன்னக்கூடையைக் கேட்டுக் கை நீட்டினேன். அவள் அதிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள், கூடையைத் தரையில் கவிழ்த்தாள், அதன்மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

"நாளைக்கு வெறுங்கையா ஏறுக்கா" என்றாள்.