நான் மாற்றிய ஸீட்டு

காரின் ஸீட்டு மெத்தென்று இருந்தால் மனைவி மெச்சுவாள் என்று நம்பிய முட்டாள் நான். பசுமலையிலிருக்கும் என் சகலை பெரிய கார் வாங்கினார். அதில் ஒருமுறை போய்வந்தவள், "உக்காந்ததே தெரியலைங்க, அம்புட்டு சொகம்!" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

கோரிப்பாளையத்துப் பழைய சாமான் கடையில் அதே மாதிரிக் காரின் ஸீட்டு கிடைத்தது. வீட்டிலேயே என் அந்தக் காலத்துக் குட்டிக் காரின் ஸீட்டைக் கழற்றிவிட்டு, இதை நீளத் திருகாணிகளால் முடுக்கினேன்.

மறுநாள் கொட்டாம்பட்டியில் கல்யாணம். சகலையின் கார் பின்னால் வந்தது. வழியில் பெட்ரோல் நெடி குப்பென்று அடிக்க, நிறுத்தினேன். சகலையும் இறங்கி, சுருட்டும் தீப்பெட்டியுமாக வந்தார்.

"சகல, பத்த வைக்காதீக!" என்று அலறியபடி குதித்து வயலுக்குள் ஓடினேன்.

"ஏங்க, என்னைய விட்டுட்டு எங்க ஓடுறீக?" என்று காருக்குள்ளிருந்து மனைவி கத்தினாள்.

சகலை தீப்பெட்டியை மடியில் சொருகிவிட்டு, அவளை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஸீட்டுக்கு அடியில பெட்ரோல் தொட்டி இருக்குறது தெரியாதா சகல? அதுலயே திருகாணிய எறக்கியிருக்கீகளே!"

தெரியும். பெட்ரோல் ஊற்ற எத்தனையோ தடவை அந்த ஸீட்டைத் தூக்கியவன் நான்தான். பொறாமையில் மறந்துவிட்டது. இப்போதெல்லாம் அடியில் பார்க்காமல் ஆணிகூட அடிப்பதில்லை.

அன்று என் மனைவி கல்யாணத்துக்குப் போனதும் வீடு திரும்பியதும் சகலையின் காரில்தான்.