பெயர் சொல்லாமல் ஏறியவர்

இது நடந்தது. எனக்கே நடந்தது.

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். ஒரு வெள்ளை உருவத்தைப் பார்த்தேன், நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்பார்கள். விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் படுக்கை விரிப்பைக் காயப்போட்டு எடுக்க மறந்த கதையாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் ஃபூமியே. அசாஹிகாவாவில் பிறந்தவள். கண் இமையில் பனி உறையும் குளிரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள். என் கணவர் டோகிஹிகோ சிபாக்காரர். அவருடைய ஊரில் விரற்கடை பனி விழுந்தால் ரயிலை நிறுத்திவிட்டுச் செய்தியில் காட்டுவார்கள். மனிதர் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு மாற்றலாகி, வடகோடித் தீவான ஹொக்கைடோவின் வடக்குக் கடற்கரையில் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நண்டு உண்டு, பால் பண்ணை உண்டு, பிரசவம் பார்க்கிற டாக்டர் மட்டும் கிடையாது.

எனக்கு அப்போது ஆறு மாதம். பிப்ரவரியில் நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர் தள்ளி. வழியெல்லாம் வெட்டவெளி. கடலிலிருந்து காற்று கிளம்பினால் தடுக்க ஒரு மரம் கூட இல்லை. அந்த ரோட்டில் என்ன காரில் போகிறோம் என்பது எங்களுக்குப் பகட்டு விஷயம் இல்லை. குழந்தை ஆஸ்பத்திரியில் பிறக்குமா, ரோட்டில் பிறக்குமா என்பதுதான் விஷயம்.

டோகிஹிகோவுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. பளபளவென்று ஒரு விளம்பரப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதைப் பாரேன். கூரை முழுக்கக் கண்ணாடி. படுத்துக்கிட்டே நட்சத்திரம் பாக்கலாம்."

"பிரசவ வலி வந்தா நட்சத்திரம் தானாத் தெரியும். நாலு சக்கரமும் இழுக்குமா, அதைச் சொல்லுங்க."

"முன் சக்கரம் மட்டும்தான். ஆனா நல்ல பனி டயர் போட்டுட்டா..."

"டயர் நல்லாத்தான் இருக்கும். நாம பள்ளத்துல இருப்போம்."

புத்தகத்தை மூடினார். இவரை நம்பினால் ஆகாது என்று நானே கிளம்பினேன்.

ஊரில் இருந்தது ஒரே ஒரு பழைய கார் வியாபாரி. குமகாய் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே இருப்பார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. அவருடைய களத்தில் வண்டிகளெல்லாம், கண்ணாடியோடு உறைந்துவிடாதபடி வைப்பரைத் தூக்கிக்கொண்டு பனியில் நின்றன. என் தேவைக்கு இரண்டு தேறின. இரண்டும் சின்ன வண்டி, பின்னால் குழந்தை இருக்கை மாட்ட இடம் உண்டு. ஆரஞ்சு நிறத்தது முன் சக்கர வண்டி. வெள்ளை நிறத்தது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. நான் குனிய முடியாமல் குனிந்து வெள்ளை வண்டியின் அடிப்பக்கம் எவ்வளவு உயரம் என்று கைவிட்டுப் பார்த்தேன். நல்ல உயரம்.

குமகாய் என்னை ஆரஞ்சுப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த ஊர்ல வெள்ளை வண்டி யாரும் எடுக்கறதில்ல."

"பனியில தெரியாதுன்னா? கூரையில செவப்புத் துணி கட்டிக்கறேன்."

"அதுவும்தான்..." என்று இழுத்தார்.

"வேற என்ன? எங்கயாவது இடிச்ச வண்டியா? உள்ள யாராவது செத்தாங்களா?"

"ஐயோ, இடிச்சதே இல்லம்மா. சொந்தக்காரர் குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? நிறத்தைப் பார்த்து வண்டி வாங்குகிற ஊரை மனசுக்குள் காறித் துப்பிவிட்டு வெள்ளையை எடுத்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது குமகாய் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன். பனிப்புயல்ல வண்டி நின்னு, ஒருத்தர் வெளிய இறங்கிட்டுத் திரும்பி வந்தா, பேர் சொல்லாம ஏறக் கூடாது. வெளிய இருக்கறவர் பேர் சொல்லணும். உள்ள இருக்கறவங்க 'வா'ன்னு சொல்லணும். எங்க ஊர்ல அப்படித்தான்."

நான் அவர் முகத்துக்கு நேரே சிரித்தேன். சாவி வாங்க என்னோடு வந்திருந்த டோகிஹிகோ, பரீட்சைக்குப் படிக்கிற பையன் கணக்காகத் தலையாட்டிக்கொண்டார்.

வண்டி நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு தொல்லை. காலையில் கதவைத் திறந்தால் ஓட்டுநர் இருக்கை கடைசி வரைக்கும் பின்னால் போய்க் கிடக்கும். என் கணவர் என்னைவிட ஒரு கட்டைவிரல்தான் உயரம். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்தால் பிரேக்கே எட்டாது.

"ராத்திரியில கால் வளருதா உங்களுக்கு?"

"நான் தொடவே இல்ல ஃபூமியே."

பழைய வண்டி, தேய்ந்துபோன இருக்கைப் பூட்டு என்று முடிவு கட்டினேன். தினமும் முன்னால் இழுப்போம். தினமும் அது பின்னால் போகும். காலடி விரிப்பும் சில நாள் ஈரமாக இருக்கும், முந்தின நாள் வண்டியை எடுக்காவிட்டாலும். அதற்கும் வாத்தியாரைத்தான் திட்டினேன்.

பிப்ரவரி. நாள் குறித்ததற்கு ஒரு வாரம் முன்னால், பிற்பகல் மூன்று மணிக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊருக்குப் போயிருந்தது. அது வரும் வரை இருக்கச் சொன்னார்கள். காத்திருப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு, என்னிடம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருக்கிறது என்றேன்.

கிளம்பினோம். நான் பின் இருக்கையில், இடது கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

நாலு மணிக்கு இருட்டத் தொடங்கியது. நாலு இருபதுக்குக் காற்று. சாலை ஓரத்தைக் காட்டும் சிவப்பு அம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாலு நாற்பதுக்கு வண்டி எதிலோ மெத்தென்று புதைந்து நின்றது. இடுப்பளவு பனிக்குவியல். நாலு சக்கரமும் சேர்ந்து, இருந்த இடத்திலேயே சுற்றின.

போன் செய்தோம். பனி அள்ளும் வண்டி வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வண்டியை விட்டு நகராதீர்கள், பின்னால் புகைக்குழாய் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குழாய் மூடினால் புகை உள்ளே வரும். தூக்கம் வரும். அப்புறம் எழுந்திருக்க முடியாது. எஞ்சினை நிறுத்தினால் குளிரில் சாகவேண்டியதுதான். இது சிபாக்காரருக்குக் கூடத் தெரிந்திருந்தது.

டோகிஹிகோ மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வண்டியைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனார். சரக்... சரக்... என்று தோண்டும் சத்தம். கொஞ்ச நேரத்தில் என் தலைக்குப் பின்னால் ஜன்னலில் தட்டினார்.

"டோகிஹிகோ!"

"அடடா. நான் வரி வசூலிக்கிற ஆளோன்னு நெனச்சேன்."

"வான்னு சொல்லு ஃபூமியே!"

"வாங்க, வாங்க."

சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்து ஏறினார். இரண்டாம் தடவையும் அதே கூத்து. எனக்கு வலி இடுப்பைப் பிளந்தது. இதில் இந்த நாடகம் வேறு என்று பல்லைக் கடித்தேன்.

மூன்றாம் தடவை இறங்கும்போது மணி ஐந்து இருபது.

சரக்... சரக்...

முன்கதவு திறந்தது. காற்று உள்ளே அறைந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

தட்டவில்லை. பெயர் சொல்லவில்லை.

"என்ன, இந்தத் தடவ பேர் மறந்து போச்சா?"

முன் கண்ணாடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"குழாயைச் சுத்தம் பண்ணீங்களா இல்லையா?"

குல்லா, தோள் எல்லாம் வெள்ளை. எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"வாயில என்ன, சோத்து உருண்டையா? இங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கேன்."

கர்ர்ரக்.

ஓட்டுநர் இருக்கை பின்னால் நகர்ந்தது. என் கால்களின் மேல் வந்து இடித்தது. கடைசி வரைக்கும்.

"காலு! என் காலு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அவர் தலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது...

ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோளில் இருந்த பனி உருகவில்லை.

"குழந்தை தூங்கிட்டானா?"

மெல்லிய குரல். களைத்த குரல்.

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. வலி. கோபம். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள தூங்கறானாம். மூளை உறைஞ்சு போச்சா?"

"சரி... எழுப்பாத."

அப்புறம் கேட்டது.

வண்டிக்குப் பின்னால்.

சரக்... சரக்...

தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் தோண்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால்...

வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். கண்ணை அந்த முதுகிலிருந்து எடுக்க முடியவில்லை.

சத்தம் நின்றது.

என் தலைக்குப் பின்னால்...

டக். டக்.

"டோகிஹிகோ!"

முன்னால் இருந்தது மெதுவாகத் தலையைத் திருப்பத் தொடங்கியது.

"டோகிஹிகோ! நான் பேர் சொல்லிட்டேன் ஃபூமியே! வான்னு சொல்லு!"

பக்கவாட்டில் ஒரு கன்னம் தெரிந்தது. வெள்ளையாக.

"வாங்க!" என்று அலறினேன். "வாங்க! வாங்க! வாங்க!"

முன்கதவை இழுத்துத் திறந்தார் என் கணவர்.

இருக்கை காலியாக இருந்தது.

"இதை ஏன் இப்படிப் பின்னால தள்ளி வெச்சே?" என்றார் அப்பாவியாக. அப்புறம் கையுறையால் இருக்கையைத் தட்டினார். ஒரு கை ஆழத்துக்கு அதில் பனி இருந்தது. கெட்டியாக.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. "முன்னால உக்காராதீங்க. இங்க வாங்க, என் பக்கத்துல" என்று மட்டும் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவேயில்லை. அதற்குப் பின் குழாயைத் தோண்ட அவரை அனுப்பவும் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, இருந்த போர்வையையெல்லாம் போர்த்திக்கொண்டு நடுங்கினோம்.

ஆறு மணி தாண்டி மஞ்சள் விளக்கு தெரிந்தது. பனி அள்ளும் வண்டியின் ஓட்டுநர் ஒனோதெரா, அறுபது வயது மனிதர், ஜன்னல் அருகில் வந்து முதலில் தன் பெயரைக் கத்திச் சொன்னார். பிறகு உள்ளே இருப்பவர்கள் பெயரைக் கேட்டார். இரண்டு பெயர் சொன்னோம்.

"ரெண்டு பேர்தானே?" என்று மறுபடி கேட்டார். கேட்டுவிட்டு முன் இருக்கையை எட்டிப் பார்த்தார்.

தன் வண்டியிலேயே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். உரக்க அழுதாள். அந்த அழுகை நின்று அவள் தூங்கத் தொடங்கியபோதெல்லாம் தொட்டுத் தொட்டு எழுப்பினேன். நர்ஸ் என்னைத் திட்டினாள்.

இரண்டு நாள் கழித்து ஒனோதெரா எங்கள் வண்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கட்டிலருகே நின்றார். நான் நடந்ததில் ஒரு வார்த்தையும் அவரிடம் சொல்லவில்லை. டோகிஹிகோவிடம்கூட அதுவரை சொல்லவில்லை.

"குமகாய் உங்ககிட்ட பொய் சொல்லலம்மா" என்று அவராகவே தொடங்கினார். "ரெண்டு வருஷம் முன்னால இதே எடத்துல ஒரு புயல். வரிசையா நாலஞ்சு வண்டி மாட்டிக்கிச்சு. இந்த வண்டியோட சொந்தக்காரர் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போயிட்டார். தப்பிச்சுட்டாங்க. வண்டி காலியா நின்னுச்சு."

"பின்னால இன்னொரு வண்டி" என்று தொடர்ந்தார். "இதே மாடல், இதே வெள்ளை. வெளியூர்க் குடும்பம். புருஷன், பொண்டாட்டி, ரெண்டு வயசுப் பையன். அவர் குழாயைத் தோண்ட எறங்கியிருக்கார். கண்ணு தெரியாத பனி. வண்டியை விட்டுக் கையெடுத்துட்டார் போல. தேடித் தேடி ஒரு வெள்ளை வண்டியைக் கண்டுபுடிச்சு, அதோட குழாயைத்தான் சுத்தமாத் தோண்டி வெச்சிருந்தார். அப்புறம் காலியா நின்ன இந்த வண்டியிலயே ஏறி உக்காந்துட்டார்."

"அவர் வீட்டுக்காரியும் பையனும்?"

"அவங்க வண்டிக் குழாயை யாரும் தோண்டல."

மகள் என் கைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பினேன்.

"அவரை நான்தான் வெளிய எடுத்தேன்" என்றார் ஒனோதெரா, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே. "ரொம்ப உயரமான மனுஷன். உக்காந்தபடியே உறைஞ்சிருந்தார். முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளித்தான் எடுக்க முடிஞ்சுது."