எதிர்க்கடையின் இரண்டு லைன்கள்

மலைக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், செம்மேட்டில் பஸ் திரும்பும் இடத்தருகே நான் ஒரு நெட் கடை திறந்தேன். நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு லைன். மிளகும் காப்பியும் என் வீட்டுக்காரர் பாடு. கடை முழுக்க என் பொறுப்பு. பரீட்சை முடிவு பார்க்க வரும் பிள்ளைகளும் சரி, வாசலூர்பட்டி ஏரியில் படகில் சுற்றிவிட்டு மெயில் பார்க்க வரும் டவுன்காரர்களும் சரி, என்னிடம்தான் வந்தாக வேண்டும். நான்கு பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்துவிட்டால் ஒரு பக்கம் திறப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். யாரும் குறை சொன்னதில்லை. வேறு கடையைப் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு!

அப்புறம் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆயிற்று. ராசிபுரத்துப் பெண்; கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவளும் நெட் கடை போட்டாள். சொல்லாமல் போட்டிருந்தாலாவது வாய்விட்டுத் திட்டியிருப்பேன். அவளோ எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "ஏனுங்கக்கா, நானும் ஒண்ணு வெச்சுக்கட்டுங்களா? உங்களுக்குச் சங்கடமில்லீங்களே?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால் என்ன சொல்ல முடியும்? "வெச்சுக்க கண்ணு" என்றேன். தட்டில் சோறு மிச்சமிருக்கும்போதே கை கழுவ எழுந்துவிட்டேன்.

அவள் கடையில் இரண்டு லைன். இரண்டையும் ஒரே ரவுட்டரில் செருகி, ஆறு கம்ப்யூட்டர்களை ஓட்டினாள். "எதுத்தாப்புல பறக்குதுங்க" என்று என் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு வாத்தியார் சொன்னார். அடுத்த வாரம் அவரும் அங்கே போய்விட்டார். யார் யார் அங்கே நுழைகிறார்கள் என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. தலையைத் தாழ்த்திக்கொண்டு போகிறவர்கள் மேல்கூடக் கோபம் வரவில்லை. நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கும் இன்னொரு லைன் வேண்டும் என்று டெலிபோன் ஆபீசுக்குப் போனேன்.

"லைன் குடுக்க இங்க இருந்த போர்ட்டெல்லாம் தீந்துபோச்சுங்க. கடைசி ஒண்ணத்தான் உங்க ஊட்டுப் பொண்ணு வாங்கிட்டுப் போச்சு" என்றார் அங்கிருந்தவர்.

எங்க ஊட்டுப் பொண்ணு! நடந்தே கடைக்குத் திரும்பினேன்.

ஒரு நாள் மதியம் பலாச்சுளை கொடுக்கும் சாக்கில் அவள் கடைக்குள் போனேன். ரவுட்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுவரில் சின்னப் பெட்டியாக மாட்டியிருந்தாள். பச்சை விளக்குகள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டுகொண்டு அவளே சொன்னாள்.

"ரெண்டு லைனு சேந்தா வேகம் ரெட்டிப்பாயிரும்னு நெனக்கறாங்கக்கா. அப்பிடியில்லீங்க. ஒராளு ஒரு பாட்டு எறக்குனா அது ஒரே லைன்லதான் வரும். கூட்டம் இருந்தாத்தான் பலன். இந்தப் பொட்டி பாதி வேலைய ஒரு லைன்ல தள்ளிவுடும், பாதிய இன்னொண்ணுல. இதத்தான் லோடு பேலன்சிங்னு சொல்றாங்க."

எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு குற்றமாவது கிடைத்திருக்கும். சுளைகளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நர்ஸ் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டிய சமயம் வந்தது. ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒரு பெண் அவள் அப்பாவோடு எதிர்க்கடைக்குள் போவதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஒரு பக்கம் நிரப்பி அடுத்த பக்கம் போனதும், திரும்ப முதலிலிருந்து உள்ளே வரச் சொல்லி அந்தத் தளம் வெளியே தள்ளிவிடுகிறதாம். எத்தனை முறை போட்டாலும் அதே கதை.

"இங்கயாச்சும் ஆகுமுங்களா?" என்று அவள் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டார்.

என் லைன் ஆமை. ஆனால் ஆமை போய்ச் சேர்ந்தது. பிரிண்டரிலிருந்து ஒப்புகைத் தாள் வந்ததும் அந்தப் பெண் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எனக்கு அவளைவிட சந்தோஷம். செய்தி பரவிவிட்டது. விண்ணப்பம் போடுகிறவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். எதிர்ப்பக்கம் என் ஓரகத்தி வாசலில் நிற்பதைப் பார்த்து, அந்த வாரம் முழுக்க நான் பவுடர் பூசிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

அவளே ஒரு நாள் ரோட்டைத் தாண்டி வந்தாள். கண்ணில் தூக்கமில்லை. "எப்பிடிங்கக்கா உங்க கடையில மட்டும் போவுது? நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன்."

"எனக்கென்ன தெரியும் கண்ணு? நமக்கு இருக்கறது ஒத்த லைனு. அது பாட்டுக்குப் போவுது" என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். 'ஒத்த' என்பதை அழுத்தியே சொன்னேன்.

அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை. "ஒத்த லைனு..." என்று முணுமுணுத்தாள். "அட ஆமாங்கக்கா! என்ற கடையில ஒரு பக்கம் இந்த லைன்ல போவுது, அடுத்த பக்கம் அந்த லைன்ல போவுது. ரெண்டுக்கும் அட்ரஸ் வேற வேற. இது வேற யாரோன்னு நெனச்சு அந்த வெப்சைட்டுக்காரன் வெளிய தள்ளிப்போடறான்!" ஓடினாள். அந்த மாதிரித் தளங்களுக்கு, தொடங்கிய லைனிலேயே கடைசிவரை போகும்படி ரவுட்டரில் மாற்றிவைத்தாள். சாயங்காலமே அவள் கடையில் விண்ணப்பங்கள் போக ஆரம்பித்தன.

அதைவிடக் கொடுமை, வீட்டில் எல்லோரிடமும், "அக்காதானுங்க கண்டுபுடிச்சுச் சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வீட்டுக்காரர் பெருமையாக என்னைப் பார்த்தார். பொறாமையில் சொன்ன வார்த்தைக்குப் பாராட்டு வாங்குவதுபோல் ஒரு தண்டனை கிடையாது.

அடுத்த வருஷம் டெலிபோன் ஆபீசுக்குப் புது போர்ட் வந்தது. எனக்கும் இரண்டாவது லைன் கிடைத்தது. நாமக்கல்லிலிருந்து ரவுட்டர் வாங்கி வந்தேன். அதைப் பொருத்தவும் அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு மதியம் முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். நான் பின்னால் நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேகம் எனக்கு வராது என்பது அப்போதும் உறுத்தியது.

டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க குடுத்து வெச்சவங்கக்கா. இந்த மலையில யாருகிட்ட வேணா கேளுங்க, நெட் கடைன்னா உங்க கடைதான். என்ற கடைக்கு வாரவங்களுங்கூட 'எதுத்த கடை'ன்னுதான் சொல்றாங்க. ரெண்டு லைனு வாங்கியும் எனக்குன்னு ஒரு பேரு வரலீங்க. பல நாளு அத நெனச்சு ஊட்டுல அழுதிருக்கறேன்."

"அப்பிடியெல்லாம் நெனக்கலாமா சாமி?" என்று அவள் தோளைத் தட்டினேன். மனசுக்குள் மட்டும், அந்த 'எதுத்த கடை'யை இன்னொரு தரம் சொல்லமாட்டாளா என்று இருந்தது.